இரண்டு அமைச்சுகள், ஒரே மேசை: ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

மேதகு இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம். இதை நிதியமைச்சருக்கு ஒன்றும் பாதுகாப்பு அமைச்சருக்கு ஒன்றுமாக இரண்டு மடல்களாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு பொறுப்புகளும் உங்களிடமே இருப்பதால் ஒன்றோடு முடிகிறது. உங்களுக்கு முன்பு மஹிந்த ராஜபக்ஷவும் ரணில் விக்கிரமசிங்கவும் இவ்விரு பொறுப்புகளையும் ஒருசேர வைத்திருந்தவர்கள்தான். அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பதில் என்னவென்று கேட்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. உங்களிடம் கேட்பதற்குக் காரணம் 2023 ஜூலை 1ஆம் திகதி. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் தீர்மானம் அன்று பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. உழைக்கும் மக்களின் சேமலாப நிதியில் கை வைக்காதே என்று அன்று உரக்கச் சொன்னவர்கள் நீங்களும் உங்கள் தோழர்களும். இன்று அந்தக் கணக்கேடு உங்கள் மேசையில் இருக்கிறது. முப்படைகளின் கணக்கேடும் அதே மேசையில்தான் இருக்கிறது. இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் பார்க்கும்படி கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறவன். பொருளியல் படித்தவன் அல்ல. ஆனால் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகும் மாதாந்தப் படிவத்தை எழுதி எழுதி, ஒரு ரூபாய் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஓரளவு அறிந்தவன். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் வாங்கும் ஒரு தையல் இயந்திரத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், அதாவது 2,400 ரூபாய் பிடிக்கிறோம். தொழிற்சாலை 12 சதவீதம், 3,600 ரூபாய் போடுகிறது. மாதம் 6,000 ரூபாய். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி இது கட்டாயம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் கைக்கு வரும். அதுவரை அந்தப் பணத்தை நிருவகிப்பது மத்திய வங்கி. மத்திய வங்கி அதில் பெரும் பகுதியை, அரசாங்கம் கடன் வாங்க விற்கும் நீண்டகாலப் பத்திரங்களான திறைசேரி முறிகளில் போடுகிறது. ஆக, மாதந்தோறும் இந்த அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் யாரென்று கேட்டால், ஊசி முனையில் விரல் வைத்து வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் என்றுதான் நான் சொல்வேன். அவர்களுக்கே அது தெரியாது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, பதின்மூன்று மணி நேர மின்வெட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் போகக்கூடியது வருடாந்தக் கணக்குக் கூற்றில் உள்ள ஒரு வரி. 2022ஆம் ஆண்டுக்குச் சேமலாப நிதியம் அறிவித்த வட்டி 9 சதவீதம். அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 46 சதவீதத்துக்கும் மேல். பத்து இலட்சம் சேர்த்து வைத்திருந்த ஒருவருக்கு வட்டியாக 90 ஆயிரம் ரூபாய் வரவு வைக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கு வாங்கியிருந்த அதே பொருட்களை வாங்க அவருக்கு மேலும் நாலரை இலட்சத்துக்கு மேல் தேவைப்பட்டது. எவரும் எதையும் திருடவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. சேமிப்பு மட்டும் கரைந்துபோனது.

அடுத்த அடி 2023 ஜூன் மாத இறுதியில் விழுந்தது. ஐந்து நாட்கள் வங்கிகளை மூடிவைத்துவிட்டு அறிவித்தார்கள். சேமலாப நிதியம் தன்னிடமிருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டு, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய முறிகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வட்டி 2025 வரை 12 சதவீதம், அதன் பிறகு முதிர்வு வரை 9 சதவீதம். கட்டாயம் இல்லை, விருப்பத் தெரிவுதான் என்றார்கள். விரும்பாவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்றும் சொன்னார்கள். இப்படியொரு விருப்பத் தெரிவை நான் வேறெங்கும் கண்டதில்லை. விரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுத்தது நிதியத்தை நிருவகிக்கும் அதே மத்திய வங்கியின் நாணயச் சபை. கடன் வாங்கியவரும், கடன் கொடுத்தவரின் பெட்டிச் சாவியை வைத்திருப்பவரும் ஒரே வீட்டார். எங்கள் தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியிடமும் எவரும் எதையும் கேட்கவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே தேங்காய்க்குச் சொந்தக்காரி யாரென்று கூட எவரும் விசாரிக்கவில்லை.

இந்த மறுசீரமைப்பில் வங்கிகளிடமிருந்த முறிகளை ஏன் தொடவில்லை என்பதற்கு அன்றைய அரசாங்கம் சொன்ன காரணத்தை நான் ஒரேயடியாக ஒதுக்கிவிட மாட்டேன். வங்கிகள் ஏற்கெனவே அடிபட்டிருந்தன, இன்னொரு அடி விழுந்தால் வைப்பாளர்கள் வாசலில் திரண்டிருப்பார்கள் என்றார்கள். ஒரு வங்கி சரிந்தால் அதன் கீழே முதலில் நசுங்குவதும் எங்களைப் போன்றவர்கள்தான். சரி. ஆனால் அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்கள்? 2023இன் தொடக்கத்தில் ஓராண்டு உண்டியலுக்கு 30 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்துக்கொண்டிருந்தது. கையில் உபரிப் பணம் இருந்தவர்கள் அதை வாங்கினார்கள். அவர்கள் உண்டியல்களை எவரும் தொடவில்லை. அதற்கு எந்தக் காரணமும் எனக்கு இதுவரை விளங்கவில்லை. இப்போது நீங்கள் நிதியமைச்சர், விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

2023க்கு 13 சதவீதமும் 2024க்கு 11 சதவீதமும் வட்டி கொடுத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல. பணவீக்கம் இறங்கிவிட்ட காலத்தில் அது நல்ல வட்டிதான். ஆனால் 2022இல் கரைந்தது அதனால் திரும்பவில்லை. புதிய முறிகளின் 9 சதவீதக் காலமோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அது 2038 வரை நீளும்.

என்னை உண்மையில் எழுத உட்கார வைத்தது இதுவும் அல்ல, 2024 டிசெம்பரில் முடிந்த வெளிநாட்டுப் பிணைமுறிப் பரிமாற்றம். சுமார் 12.5 பில்லியன் டொலர் பெறுமதியான பழைய முறிகளுக்குப் புதிய முறிகள் கொடுக்கப்பட்டன. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் முதலில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய சட்டத்தரணிகள் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். 2025 முதல் 2027 வரையான காலத்தில் இலங்கையின் பொருளாதாரம் சர்வதேச நாணய நிதியத்தின் எதிர்பார்ப்பை விட நன்றாக வளர்ந்தால், 2028 முதல் அவர்களுக்குக் கிடைக்கும் தொகை கூடும். வளர்ச்சி குறைந்தால் தொகையும் குறையும். நாடு எழுந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் அதன் சாரம்.

அப்படியொரு பிரிவு சேமலாப நிதியத்தின் புதிய முறிகளில் இல்லை. நாடு எவ்வளவு உயரமாக எழுந்தாலும் எங்களுக்கு 9 சதவீதம்தான். அந்த எழுச்சியைத் தைத்துக் கொடுப்பவர்களோ எங்கள் ஆலையிலும் பக்கத்து ஆலைகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்தபோது இராத்தூக்கம் இழந்தவர்களும் அவர்கள்தான். அது பின்னர் 30ஆகி, 2025 ஆகஸ்டில் 20ஆனது. நியூயோர்க்கிலும் லண்டனிலும் உள்ள நிதி முகாமையாளர்களுக்குத் தெரிந்து கேட்க முடிந்த ஒன்றை எங்கள் பெண்களுக்காகக் கேட்க இந்த நாட்டில் ஒருவரும் இருக்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் அவர்களுடைய பணத்தின் காவலர். அவர் எந்த வீட்டார் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இனி மேசையில் இருக்கும் மற்றக் கணக்கேட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் சமர்ப்பித்த முதல் வரவு செலவுத் திட்டத்தில், 2025ஆம் ஆண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 442 பில்லியன் ரூபாய். மத்திய கல்வி அமைச்சுக்கு ஒதுக்கியது சுமார் 271 பில்லியன். மாகாண சபைகள் ஊடாகப் பாடசாலைகளுக்குப் போகும் பணம் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி வாதாட மாட்டேன். அரசியல் மேடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள், அது பாதி உண்மை. நான் பார்ப்பது அந்த 442க்கு உள்ளே. அதில் மூலதனச் செலவு 60 பில்லியன் அளவில்தான். மிச்சமெல்லாம் மீண்டெழும் செலவினம்: சம்பளம், படிகள், உணவு, சீருடை, எரிபொருள். அதாவது ஆள் எண்ணிக்கைதான் செலவு. நவீன ஆயுதம், கண்காணிப்புக் கப்பல், ராடார் என்று வாதாட அங்கே அதிகம் இல்லை.

ஆள் எண்ணிக்கையைக் குறைப்போம் என்று முதலில் சொன்னவர்கள் நீங்கள் அல்ல. 2023 ஜனவரியில், அனுமதிக்கப்பட்ட இராணுவ ஆளணி 200,783 என்றும், அதை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் ஒரு இலட்சமாகவும் குறைப்பதாகவும் அன்றைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் அறிவித்தார். ஒரு இலட்சம் என்ற இலக்கை உங்கள் அரசாங்கமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நல்லது. ஏறக்குறைய ஏழு கோடி மக்கள் வாழும் பிரித்தானியாவின் நிரந்தரத் தரைப்படை சுமார் 75 ஆயிரம். இரண்டு கோடியைச் சற்றே தாண்டிய நமக்கு, போர் முடிந்து பதினாறு ஆண்டுகளைக் கடந்த பின்னும், ஒரு இலட்சத்துக்கு இறங்குவதுதான் தூரத்து இலக்கு. அதுவும் இருக்கட்டும். அந்த இலக்கு எந்த ஆண்டில் எந்தப் படி இறங்கியது, இன்று சீருடையில் உண்மையில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் எந்த மாகாணத்தில் என்று பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஓர் அட்டவணையை நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. சேமலாப நிதியத்தின் முறிகளுக்கோ முதிர்வு ஆண்டு வாரியாக, வட்டி வாரியாக அட்டவணை போட்டுப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். தொழிலாளியின் பணத்தை நீட்டி மடக்க நாள் குறித்தவர்களுக்கு, படையணியைச் சுருக்க நாள் குறிக்கத் தயக்கம்.

இங்கே ஒரு விஷயத்தை உங்கள் அதிகாரிகள் கணித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். படைச் சிப்பாய் ஒருவர் 22 ஆண்டுகள் சேவை முடித்தால் ஓய்வூதியத்துக்கு உரித்தாகிறார். இராணுவம் பெருமளவில் ஆட்சேர்த்தது 2006க்கும் 2009க்கும் இடையில். கூட்டிப் பார்த்தால், அந்தப் பெரும் அலை 2028 முதல் 2031 வரை ஓய்வூதியக் கரையில் வந்து மோதும். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது மீண்டும் தீவிரமாகத் தொடங்குவதும் 2028இல்தான். வெளிநாட்டு முதலீட்டாளரின் அந்தச் சிறப்புப் பிரிவு விழித்துக்கொள்வதும் அதே ஆண்டு. ஓய்வுபெறும் சிப்பாயின் செலவு பாதுகாப்பு அமைச்சின் தலைப்பிலிருந்து இறங்கி ஓய்வூதியத் திணைக்களத்தின் தலைப்பில் ஏறிக்கொள்ளும். அப்போது "பாதுகாப்புச் செலவைக் குறைத்துவிட்டோம்" என்று எவராவது சபையில் எழுந்து சொன்னால், தயவுசெய்து மற்றத் தலைப்பையும் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். சம்பளப் பிரிவில் இருப்பவனுக்கு இந்த வித்தை பழக்கமானது. ஒரு நிரலில் குறைந்தது இன்னொரு நிரலில் எங்கே கூடியது என்று பார்ப்பதுதான் எங்கள் தொழிலே.

எங்கள் ஆலையின் ஒரே வரிசையில், அடுத்தடுத்த இயந்திரங்களில் வேலை செய்யும் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி முல்லைத்தீவு மாவட்டத்தில் கேப்பாப்புலவைச் சேர்ந்தவள். போர் முடிந்தபின் கட்டுநாயக்கவுக்கு வந்த வன்னிப் பெண்களில் ஒருத்தி. அவளுடைய தந்தையின் காணி இன்றும் முகாம் வேலிக்குள் இருக்கிறது. 2017இல் அந்த ஊர் மக்கள் முகாம் வாசலில் கொட்டகை போட்டு உட்கார்ந்த போராட்டத்தில் அவளுடைய தாயும் இருந்தார். சில காணிகள் விடுபட்டன, அவர்களுடையது விடுபடவில்லை. கடந்த ஆண்டு தன் கணக்குக் கூற்றை என்னிடம் கொண்டுவந்து, இதில் உள்ள பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மத்திய வங்கியில் என்றேன். மத்திய வங்கி என்ன செய்கிறது? அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கிறது. அரசாங்கம் என்ன செய்கிறது? அவள் எதை நினைத்துக் கேட்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய சேமிப்பைக் கடன் வாங்கிய திறைசேரி, அவளுடைய தந்தையின் காணியில் நிற்கும் காவலரணுக்கும் சம்பளம் கொடுக்கிறது.

பக்கத்து இயந்திரத்தில் இருப்பவள் அனுராதபுர மாவட்டத்தில் பதவிய என்ற ஊரிலிருந்து வந்த சிங்களப் பெண். அவளுடைய அண்ணன் 2007இல் படையில் சேர்ந்தவர், இப்போது கோப்ரல். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீட்டுக்குக் கூரை வந்தது. 2029இல் வெளியே வருவார், வந்து என்ன செய்வதென்று வீட்டில் இப்போதே பேசுகிறார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரியும், காவல் நிற்கத் தெரியும். ஏதாவது பாதுகாப்பு நிறுவனத்தில் வாசற்காவலர் வேலை கிடைக்கும் என்பதுதான் அவர்களுடைய பெரிய நம்பிக்கை. இந்த இரண்டு பெண்களும் மதியம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த அண்ணனை வேலையிலிருந்து தூக்குங்கள் என்று நான் எழுதினால் அது அந்தச் சாப்பாட்டு மேசைக்குச் செய்யும் துரோகம். ஆனால் அவரை எந்தத் திட்டமும் இல்லாமல் 2029 வரை ஒரு வேலிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருப்பது அவருக்குச் செய்யும் நன்மை என்றும் என்னால் நம்ப முடியவில்லை. தொழிற்பயிற்சி இல்லாமல் வெளியே வந்த முன்னாள் படையினர் சிலர் கூலிக்காக ரஷ்ய-உக்ரைன் போர்முனைக்குப் போய் மாண்ட செய்தி 2024இல் வந்தது. அதைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை.

வடக்கில் படையினர் பிடித்து வைத்திருக்கும் காணி விஷயத்தை உணர்ச்சிப் பிரச்சினையாக மட்டும் தெற்கில் பார்க்கிறார்கள். அது பொருளாதாரப் பிரச்சினையும்கூட. வலிகாமம் வடக்கின் செம்மண் வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைந்த மண். மயிலிட்டி பெயர்போன மீன்பிடித் துறைமுகம். 27 ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. உங்கள் ஆட்சியில், 2025 ஏப்ரலில், பலாலி வீதி மூன்று தசாப்தங்களுக்குப் பின் திறக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் மகிழ்ந்தார்கள். கூடவே ஓர் அறிவிப்புப் பலகையும் வந்தது: காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டும், நடந்து போகக் கூடாது, வழியில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வரி கட்டிப் போட்ட வீதியில் நடந்து போக முடியாது என்றால் அங்கே எந்த விவசாயி காணி துப்புரவாக்கிப் பயிர் வைப்பார்? எந்த வங்கி அந்தக் காணியை ஈடாக ஏற்கும்? அதே ஆண்டு மார்ச்சில் வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோரச் சொல்லி வந்த வர்த்தமானி, உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டம் ஆறில் மூன்று ஆசனங்களை உங்களுக்குத் தந்ததை நினைவூட்ட வேண்டிய நிலை எனக்கு வந்திருக்கக் கூடாது.

இன்னொரு முடிச்சும் உண்டு, அதைப் பற்றி வடக்கின் அரசியல்வாதிகள் பேச விரும்புவதில்லை. வன்னியில், பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்து சம்பளம் வாங்குகிறவர்களில் கணிசமானோர் தமிழர்கள். முன்னாள் போராளிகளும் அதில் இருக்கிறார்கள். அங்கே வேறு எவரும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. படைக்குறைப்பு என்று பேசுகிறவர்கள் இவர்களையும் எண்ணிப் பேச வேண்டும். முன்பள்ளி ஆசிரியை ஒருவர் பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியலில் இருப்பது விந்தைதான். அவரை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு மாற்றி, பணத்தையும் சேர்த்து மாற்றுவது ஒரு சுற்றறிக்கை, ஒரு நிதி ஒதுக்கீடு. அதைச் செய்ய எந்தத் தளபதியின் அனுமதியும் தேவைப்படாது.

டித்வா புயலைச் சொல்லி நீங்கள் என்னை மடக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் மலைநாடு சரிந்து, ஆறுகள் ஊருக்குள் வந்து, 600க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கயிறு கட்டி, படகில் ஏற்றி, ஹெலிகொப்டரில் தூக்கி மக்களைக் காப்பாற்றியவர்கள் படையினர். அதில் உயிர் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த நாட்களில் பற்றாக்குறையாக இருந்தது ஆட்களா? ஹெலிகொப்டர்கள் குறைவு, பொறியியல் இயந்திரங்கள் குறைவு, தோட்டப்புற லயன்களுக்குத் தமிழில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த எச்சரிக்கைகள் குறைவு. அண்டை நாடுகள் விமானங்களையும் கப்பல்களையும் அனுப்பின. 442இல் 60 மட்டுமே மூலதனத்துக்கு என்றால் இதுதான் நடக்கும். அழிவின் பெறுமதி சுமார் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அடுத்த புயலுக்கு ஓர் இலட்சம் பேர் வரிசையில் நிற்பதை விட, பயிற்சி பெற்ற சில ஆயிரம் பேரும் அவர்களுக்கு வேண்டிய கருவிகளும் இருப்பது மேல் என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளே சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள்.

இனி நான் கேட்பது. சேமலாப நிதியத்தின் முறிகளுக்கும் வெளிநாட்டவருக்குக் கொடுத்தது போன்ற ஒரு வளர்ச்சிப் பங்குப் பிரிவைச் சட்டமாகக் கொண்டுவாருங்கள். 2025 முதல் 2027 வரையான வளர்ச்சிக் கணக்கு அவர்களுக்காக எப்படியும் எடுக்கப்படப் போகிறது. அதே எண்ணைக் கொண்டு எங்களுக்கும் ஒரு வரி கணக்கிடத் தனி நிபுணர்கள் தேவையில்லை. பணத்துக்கு எங்கே போவது என்று திறைசேரி அதிகாரிகள் கேட்பார்கள், கேட்பது அவர்கள் கடமை. ஆளணி ஒரு இலட்சத்துக்கு இறங்கும் வழியில் ஒவ்வோர் ஆண்டும் மிச்சமாகும் மீண்டெழும் செலவில், ஓய்வூதியத்தையும் படையினரின் மறுவாழ்வுப் பயிற்சியையும் கழித்த பின் நிற்கும் தொகையின் மேல் முதல் உரிமை சேமலாப நிதிய உறுப்பினர்களுக்கு என்று எழுதிவிடுங்கள். தொகை சிறிதாக இருக்கலாம். முதல் சில ஆண்டுகளில் பூச்சியமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி இருந்தால், படைக்குறைப்பு ஏன் பிந்துகிறது என்று கேட்க இந்த நாட்டின் ஒவ்வொரு தொழிலாளிக்கும், சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, சொந்தப் பணத்தின் பெயரால் ஒரு காரணம் கிடைக்கும். இதுவரை அந்தக் கேள்வியைத் தமிழர்கள் மட்டும் கேட்டார்கள், அதனாலேயே அது தேசத்துரோகக் கேள்வியாக இருந்தது.

நிதியத்தின் முதலீட்டை முடிவு செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். 2015 பெப்ரவரியில் தொடங்கிய மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் இந்த நிதியத்துக்கு இழப்பு ஏற்பட்டதை ஜனாதிபதி ஆணைக்குழுவே எழுதிவைத்த பிறகும் அப்படியொரு நாற்காலி போடப்படவில்லை. அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர்களுக்குச் சேமலாப நிலுவை வைத்திருப்பதையும் உங்கள் காலத்திலேயே முடித்துவையுங்கள். தனியார் ஆலை ஒரு மாதம் பிந்தினால் தொழில் திணைக்களம் எங்கள் மேல் மிகைக்கட்டணம் போடுகிறது, போடவும் வேண்டும். அரசாங்கம் பிந்தினால் எவரும் எதுவும் போடுவதில்லை.

பாதுகாப்புத் துறையில் எல்லாவற்றையும் வெளியே சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். எந்தத் தளத்தில் எத்தனை ஏவுகணை என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியாவுடன் கைச்சாத்தான பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையின் உள்ளடக்கம் அப்போது மக்கள் முன் வைக்கப்படாதது, பழைய பழக்கம் புதிய ஆட்சியிலும் தொடர்கிறதோ என்ற ஐயத்தைத் தந்தது. உங்கள் கட்சியின் கிளர்ச்சிகள் ஒடுக்கப்பட்ட 1971இலும் 1987 முதல் 89 வரையிலும், கேள்வி கேட்க முடியாத ஒரு பாதுகாப்புத் துறை என்ன செய்யும் என்பதை உங்கள் கட்சியை விட அதிகம் அறிந்தவர்கள் தெற்கில் இல்லை.

வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் நிதியமைச்சின் ஒதுக்கீடு ஒரு நாளிலும் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு இன்னொரு நாளிலும் எடுக்கப்படும். இரண்டு நாளும் பதில் சொல்லப் பொறுப்பானவர் நீங்கள்தான். பாதுகாப்பு அமைச்சின் நாளில் ஆளணி அட்டவணை ஒன்றை, ஆண்டு வாரியாக 2030 வரைக்கும், மாகாண வாரியாக, ஓய்வூதியச் செலவையும் சேர்த்துச் சபையில் வையுங்கள். நிதியமைச்சின் நாளில் சேமலாப நிதியத்துக்கான அந்தப் பிரிவின் வரைவை வையுங்கள். மும்மொழியிலும் வந்தால் கணக்குக் கூற்றோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன். தமிழ்ப் பிரதி மட்டும் வழக்கம்போல் மூன்று மாதம் பிந்தி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கட்டுநாயக்கவிலிருந்து
சம்பளப் பட்டியல் எழுதும் ஒருவன்